பெரிய சமையற்கூடங்களுக்கு எந்த ப்ரோப் தெர்மாமீட்டர்? ஒரு மதிப்புரை

முனையில் உணர்வான் பொருத்திய எஃகுக் கம்பியை உணவுக்குள் செருகி வெப்பநிலையைப் படிக்கும் மின்னணுக் கருவியை ப்ரோப் தெர்மாமீட்டர் என்கிறோம். ஓட்டல்கள், கேட்டரிங் நிறுவனங்கள், ஆலைக் கேன்டீன்கள் ஆகியவற்றுக்கென்று விற்கப்படும் இக்கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை எல்லா விலைகளிலும் கிடைக்கின்றன. கோவைப் பகுதியில் ஆலைகளுக்கும் விடுதிகளுக்கும் நாள்தோறும் மதிய உணவு சமைத்து அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் உணவுப் பாதுகாப்பைக் கவனித்துவரும் நான், இவற்றில் பல வகைகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரே வடிவமைப்பைப் பல நிறுவனங்கள் தத்தம் பெயரில் விற்பதால், வணிகப் பெயர்களை விட்டுவிட்டு வகைகளைப் பற்றி எழுதுவதே வாங்குபவருக்கு உதவும் என்று கருதுகிறேன்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை நம் சமையலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை அல்ல. உறையின் மேல் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்தாலே இது புரியும். மாட்டிறைச்சித் துண்டு அரைவேக்காடாக இருக்க எத்தனை டிகிரி, முழுவேக்காட்டுக்கு எத்தனை, வான்கோழியை அடுப்பிலிருந்து எப்போது எடுக்கலாம் என்பவையே அதில் இருக்கும். இறைச்சியின் உட்புறம் வெந்துவிட்டதா என்று சொல்வதுதான் மேலை நாட்டுச் சமையலில் வெப்பமானியின் முதல் வேலை. நம் கூடங்களிலோ சாம்பார் கொதிக்கிறது, அரிசி கொதிநீரில் வேகிறது, கோழிக் குழம்பு நெடுநேரம் தளதளவென்று கொதித்த பிறகே இறங்குகிறது. தம் போட்ட பிரியாணியின் நடுப்பகுதி, பொரித்த கோழியில் எலும்பை ஒட்டிய சதை, கிரில் கோழி, ஷவர்மா போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், வேகாமல் போவதால் வரும் ஆபத்து நம் உணவில் குறைவு. நம்முடைய ஆபத்து அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஆறும் உணவையும், வண்டியில் போகும் உணவையும், பரிமாறக் காத்திருக்கும் உணவையும் சரியாக அளக்கும் கருவியே நமக்கு வேண்டும். அந்த ஒரு தேவையை வைத்தே இங்கு எல்லா வகைகளையும் எடைபோட்டிருக்கிறேன்.

கொதித்த உணவு எப்படி நஞ்சாகும் என்று பல ஆண்டுகள் அனுபவமுள்ள சமையல்காரர்களே கேட்பதுண்டு. அதற்கான விடை தெரிந்தால்தான் கருவியின் தேவையும் விளங்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி மண்ணில் வாழ்வது. அரிசியோடு அது சமையற்கூடத்துக்குள் வருகிறது. தடித்த உறைக்குள் உறங்கிக்கிடக்கும் அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. சோறு வடித்து, அண்டாவில் குவித்து, மூடிவைத்து, அது வெதுவெதுப்பான நிலைக்கு வரும்போது வித்துகள் முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. அவற்றுள் ஒரு வகை உண்டாக்கும் செரியுலைடு என்னும் நச்சு 121 டிகிரி செல்சியசில் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லை. எனவே, மாலையில் மீந்த சோற்றை மறுநாள் ஃபிரைடு ரைசாக்கும்போது இரும்புச் சட்டி எவ்வளவு தீயாய்க் காய்ந்தாலும், நச்சு ஏற்கெனவே உண்டாகியிருந்தால் அது அப்படியே தட்டுக்கு வரும். உண்டவர் சில மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கிறார். ‘நன்றாகச் சூடாக்கிவிட்டால் போதும்’ என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது.

இறைச்சிக் குழம்பிலும் கிரேவியிலும் வேறொன்று இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற அந்த நுண்ணுயிரிக்கு ஆக்சிஜன் ஆகாது. கொதிக்கும்போது குழம்பிலுள்ள காற்று வெளியேறிவிடுவதால், ஆழமான அண்டாவின் அடிப்பகுதி அதற்கு மிகவும் உகந்த இடமாகிறது. இதன் வித்துகளும் கொதிப்பைத் தாங்குபவை. 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில் இது ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் 3 மணி நேரத்தில் ஒன்று 2.6 லட்சத்தைத் தாண்டும். உண்மையில் எல்லாக் குழம்பிலும் இந்த வேகம் நிலைப்பதில்லை என்றாலும், மூடிய அண்டாவுக்குள் எதற்கு இடம் கொடுக்கிறோம் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. பெரிய பந்திகளிலும் விடுதிகளிலும் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வருவதற்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று.

இதனால்தான் சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்றும், குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணை இதைக் கூறுகிறது. சமைத்ததை ஆறவைத்துக் குளிரூட்ட வேண்டுமானால் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 2 மணி நேரத்துக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் கேட்டரிங் ஆய்வுப் பட்டியலில் உள்ள அளவு. பன்னாட்டு உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் பெருஞ்சமையல் நெறிமுறை இன்னும் கடுமையானது. 60இலிருந்து 10 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்கிறது அது.

தாளில் எளிதாகத் தோன்றும் இந்த அளவுகளை அண்டா எப்படி மீறுகிறது என்பதைக் கருவி கையில் வந்த பிறகே எங்கள் கூடத்தில் எல்லோரும் உணர்ந்தோம். 80 லிட்டர் சாம்பாரை மூடி ஓரமாக வைத்தால், 4 மணி நேரம் கழித்தும் அதன் நடுப்பகுதி 60 டிகிரிக்கு மேலேயே இருக்கிறது. அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஏனெனில், அதற்குப் பிறகு இரவு முழுவதும் அது மெல்ல மெல்ல இறங்கி, நுண்ணுயிரிகள் மிகவும் விரும்பும் சூட்டிலேயே நெடுநேரம் நிற்கிறது. மேலும், கூடத்தின் காற்றே 30 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, பனிக்கட்டியோ குளிர்சாதனமோ இல்லாமல் எந்த உணவும் 21 டிகிரியைத் தொட முடியாது. ‘ஆறட்டும்’ என்று விட்டுவைப்பது நம் தட்பவெப்பத்தில் ஆறவைக்கும் முறையே அல்ல. சுடச்சுட அண்டாவையே குளிர் அறைக்குள் தள்ளுவதும் தீர்வாகாது. நடுப்பகுதி அப்போதும் சூடாகவே இருக்கும், பக்கத்தில் உள்ள தயிரும் இறைச்சியும் சூடேறும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து, பனிக்கட்டி நீரின் மேல் வைத்துக் கிளறி, பிறகு உள்ளே வைத்தால்தான் அந்த இரண்டு மணி நேரக் கெடுவை எட்ட முடிகிறது. இதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லும். ஆயினும் திரையில் எண் இறங்காமல் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் எங்கள் ஊழியர்கள் தாமாகவே தட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள்.

இனி வகைகளுக்கு வருகிறேன்.

மிகுதியாக விற்பது மடக்குக் கத்தியைப் போல் கம்பி உள்ளே மடங்கும் வகை. கம்பியின் நீளம் பெரும்பாலும் 11 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நல்ல தயாரிப்பு என்றால் 3 முதல் 5 நொடிக்குள் எண் நிலைத்துவிடுகிறது. திரையில் வெளிச்சம் உண்டு. மடக்கினால் தானே அணைந்துவிடுவதால் மின்கலமும் நெடுநாள் உழைக்கிறது. கோழித் துண்டு, பனீர், தட்டில் பரப்பிய கூட்டு, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம் ஆகியவற்றுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை. சரக்கு இறங்கும்போது பாலையும் உறைந்த இறைச்சியையும் சோதிக்கவும் இதுவே போதும். ஆனால், அண்டாவுக்கு இது பொருந்தாது. 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தில் 11 சென்டிமீட்டர் கம்பி மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. ஆவியில் கை வேகும் என்பதால் ஊழியர் அவசரமாக எடுத்துவிடுகிறார். சாம்பார், ரசம் போன்ற நீர்மங்களை அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு அளந்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். குவிந்த சோற்றைக் கலக்க முடியாது. மடங்கும் இடத்தில் உள்ள இடுக்கில் எண்ணெயும் மசாலாவும் தங்குவது இன்னொரு குறை. மெல்லிய தூரிகை கொண்டு அன்றாடம் துடைக்காவிட்டால் கருவியே தொற்றுக்கு இடமாகிவிடும்.

எங்கள் கூடத்துக்கு மிகவும் பயன்பட்டது கைக்கருவியும் தனிக் கம்பியும் வடத்தால் இணைக்கப்பட்ட தெர்மோகப்பிள் வகை. இரண்டு வேறு உலோகங்கள் சேரும் முனையில் எழும் மின்னழுத்தத்தைக் கொண்டு இது வெப்பநிலையை அறிகிறது. கம்பியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியைப் பொருத்தினால் அண்டாவின் நடுப்பகுதியை எட்டலாம், கை ஆவிக்கு வெளியே இருக்கும், எண்ணைப் படிப்பவர் ஓரடி தள்ளி நிற்கலாம். கே வகை, டி வகை என்று இரண்டு உலோகச் சேர்க்கைகள் சந்தையில் உண்டு. கே வகை மிகுந்த சூட்டையும் தாங்குவதால் எண்ணெய்ச் சட்டிக்கும் பயன்படும். குளிர் அறை, உறைநிலை அளவுகளில் டி வகை கூடுதல் துல்லியம் தருகிறது. கருவியும் கம்பியும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும், மாற்றிப் பொருத்தினால் தவறான எண்ணே காட்டும். குறை என்று பார்த்தால், கைப்பிடிக்குள் வடம் நுழையும் இடம் சில மாதங்களில் தளர்ந்து, எண் மேலும் கீழும் துள்ளுகிறது. உதிரிக் கம்பி ஒன்றைச் சேர்த்தே வாங்குவது நல்லது. விலை மடக்கு வகையைப் போலச் சில மடங்கு வரும்.

இந்த நீளக் கம்பி கிடைத்த பிறகே எங்கே அளக்க வேண்டும் என்ற கேள்வியும் எங்களுக்குத் தெளிவானது. ஹாட் பாக்ஸில் நிரப்பி அனுப்பும் சோற்றில் நடுப்பகுதிக்கும் சுவரை ஒட்டிய ஓரத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. நடுவில் செருகி 72 என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகத் தோன்றும், ஓரத்தில் உள்ள சோறோ 60க்குக் கீழே போயிருக்கலாம். சூடாக வைத்திருக்க வேண்டிய உணவில் மிகவும் ஆறிய இடத்தையும், ஆறவைக்க வேண்டிய உணவில் மிகவும் சூடான இடத்தையும், வேகவைக்கும் உணவில் கடைசியாக வேகும் இடத்தையும் அளக்க வேண்டும். கோழியில் எலும்பில் முட்டாமல் சதையின் தடித்த பகுதியில் முனை நிற்க வேண்டும். இவற்றை அறியாமல் எடுக்கும் அளவு, கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பாதுகாப்பைப் பற்றி எதையும் சொல்லாது. விற்பனையாளர்கள் தரும் குறிப்பேடுகளில் இந்த விளக்கம் இல்லை என்பது பெருங்குறை.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவக் கருவிகளைத் தொழில்முறைக் கூடங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எண் நிலைக்க 10 நொடிக்கு மேல் ஆவதும், நீர் புகுந்து கெடுவதும் ஒருபுறமிருக்க, மின்கல மூடி கழன்று பொத்தான் மின்கலம் உணவுக்குள் விழுந்துவிடும் அபாயம் அவற்றில் உண்டு. உணவில் விழக்கூடிய எந்தப் பாகமும் பெரியதாகவும், உணவில் காணாத நீலம் போன்ற நிறத்திலும் இருக்க வேண்டும். கண்ணாடி வெப்பமானி, அதிலும் பாதரச வெப்பமானி, உணவு கையாளும் இடத்துக்குள் வரவே கூடாது. முள் நகரும் வட்டமுகக் கருவியில் உணர்வுப்பகுதி முனையில் மட்டும் இல்லாமல் கம்பியில் பல சென்டிமீட்டர் பரவியிருப்பதால், 5 சென்டிமீட்டருக்கு மேல் செருகினால்தான் அது சரியாகக் காட்டும். மெல்லிய துண்டுகளுக்கு அது உதவாது.

துப்பாக்கி போல நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வைத்திருக்கும் கூடங்கள் நிறைய இருக்கின்றன. உணவைத் தொடாமல், ஒரு நொடியில் எண் தருவதால் அது எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால், அது காட்டுவது மேற்பரப்பை மட்டுமே. சாம்பாரின் மேல் ஏடு படிந்தால் ஏட்டின் சூட்டையும், ஆவி எழுந்தால் ஆவியின் குழப்பத்தையும் சேர்த்தே காட்டும். பளபளக்கும் எஃகுப் பாத்திரத்தின் மேல் நீட்டினால் எஃகின் சூட்டுக்குப் பதிலாக அதில் பிரதிபலிக்கும் சுற்றுப்புறத்தின் சூட்டைப் படித்து, கொதிக்கும் பாத்திரத்தைக்கூட வெதுவெதுப்பானது என்று காட்டிவிடும். குளிர்பெட்டியில் அடுக்கிய பொட்டலங்களை விரைவாக நோட்டமிட, தோசைக்கல்லின் சூட்டைப் பார்க்க அது போதும். உட்சூட்டுக்கு அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

எந்த வகையை வாங்கினாலும் அதன் எண்ணை நம்பலாமா என்பதை அவ்வப்போது சோதிக்க வேண்டும். நொறுக்கிய பனிக்கட்டியைக் குவளை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றி, கலக்கிச் சில நிமிடம் விட்டு, கம்பி குவளையின் அடியையோ சுவரையோ தொடாமல் பிடித்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அந்தக் கருவியை ஒதுக்கிவைக்க வேண்டும். நீர் மிகுந்து பனிக்கட்டி மிதந்தால் சோதனையே பிழையாகிவிடும். கொதிநீர்ச் சோதனையில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டத்தில்தான், உயரம் ஏறஏற ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் அது குறைகிறது. சென்னையில் 100ஐ எதிர்பார்க்கலாம். 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் 98.6 அளவில்தான் கொதிக்கும். 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் 93ஐக்கூட எட்டாது. இதை அறியாமல் உதகை விடுதி ஒன்றில் நல்ல கருவியைக் கெட்டது என்று திருப்பி அனுப்பக்கூடும், அல்லது திருகி 100க்குக் கொண்டுவந்து அதன் பிறகு எல்லா எண்ணையும் 7 டிகிரி கூட்டிப் படிக்கக்கூடும். அப்படிச் செய்தால் 55 டிகிரியில் இருக்கும் உணவு 62 என்று தேறிவிடும். ஆண்டுக்கொருமுறை, ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தச் சான்று பெறுவது தணிக்கைக்குத் தேவைப்படும். ஆனால், வாராவாரம் பனிக்கட்டிக் குவளையில் நனைத்துப் பார்க்கும் பழக்கமே கருவியை நேர்மையாக வைத்திருக்கிறது.

கம்பி ஓர் உணவிலிருந்து இன்னோர் உணவுக்குச் செல்வதால், கழுவித் துடைத்து, 70 விழுக்காடு ஆல்கஹால் துடைப்பானால் துடைத்த பிறகே மறுபடி செருக வேண்டும். வேகாத கோழியில் செருகிய முனை தயிர்சாதத்துக்குள் போனால், பாதுகாப்புக்கென வாங்கிய கருவியே நோயைக் கொண்டுசேர்க்கும். எங்கள் கூடத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிக் கருவிகள், தனித்தனி நிறம். இது உண்பவரின் நம்பிக்கைக்கும் செய்யும் மரியாதை. ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பதால் ஐபி67 என்ற நீர்க்காப்புக் குறியுள்ள கருவியே தேவை. வெறும் ‘தெளிப்பு தாங்கும்’ என்று எழுதியிருப்பவை ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை.

கருவியைக் கொண்டுவந்த முதல் நாள்களில் எங்கள் மூத்த மாஸ்டர், “கொதிச்ச சாம்பாருக்கு எதுக்குங்க ஊசி போடறீங்க?” என்று கேட்டார். அவர் கைப்பக்குவத்தை யாரும் ஐயப்படவில்லை என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. “கொதிக்கறப்ப வேண்டாங்கண்ணா, ஆறறப்பதான் வேணும்” என்றேன். மூன்று மணி நேரம் கழித்து ஹாட் பாக்ஸைத் திறந்து அவரையே அளக்கச் சொன்னபோது, மூடியின் ரப்பர் தேய்ந்த ஒரு பெட்டியில் மட்டும் எண் 57க்கு வந்திருந்தது. மற்றப் பெட்டிகளில் 65க்கு மேல் இருந்தது. கையால் தொட்டால் எல்லாமே சூடாகத்தான் தெரியும். 57க்கும் 65க்கும் உள்ள வேறுபாட்டை விரலால் அறிய முடியாது. அந்தப் பெட்டியை அவரே தனியே எடுத்துவைத்து, மறுநாள் ரப்பரை மாற்றச் சொன்னார். இதைக் கருவியின் பெரும்பயனாக நான் கருதுகிறேன். தேய்ந்த ரப்பர், உணவைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியான பேன் மேரியில் பழுது, கதவு சரியாக மூடாத குளிர் அறை என்று கண்ணுக்குப் படாத பழுதுகளை அது எண்ணாக்கிக் காட்டுகிறது.

ஆனால், எண்ணை எழுதுவது மட்டும் மேலாண்மை ஆகாது. பல கூடங்களின் பதிவேடுகளைப் புரட்டினால் நாள்தோறும் 65, 65, 65 என்று ஒரே கையெழுத்தில் ஒரே எண் வரிசையாக நிற்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியது என்பது பார்த்தவுடன் தெரியும். அளவு தவறிய நாள் பதிவில் இருக்க வேண்டும், அன்று என்ன செய்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். 60க்குக் கீழே இறங்கிச் சிறிது நேரமே ஆயிற்று என்று உறுதியாகத் தெரிந்தால் மீண்டும் 75 டிகிரிக்கு ஏற்றி, 2 நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்து அனுப்பலாம். நெடுநேரம் ஆகியிருந்தாலோ, நேரம் தெரியாவிட்டாலோ கொட்டிவிட வேண்டும். கொட்டியதற்காக ஊழியரைக் கடிந்துகொள்ளும் முதலாளியின் கூடத்தில் எந்த வெப்பமானியும் உண்மையான எண்ணைக் காட்டாது, ஏனெனில் அந்த எண்ணை எழுத யாரும் துணியமாட்டார்கள். நேரத்துடன் அளவுகளைத் தானே சேமிக்கும் கருவிகள் பொய்ப்பதிவைக் கடினமாக்குகின்றன. வசதியுள்ளவர்கள் அவற்றையே வாங்கலாம்.

ஆபத்து எந்தப் படியில் வரும் என்று முன்கூட்டியே கண்டு, அந்தப் படியில் எல்லை வகுத்து, அளந்து, தவறினால் திருத்தி, எழுதிவைக்கும் முறைக்கு ஹெச்.ஏ.சி.சி.பி. என்று பெயர். 1959இல் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்கும் பணியை ஏற்ற பில்ஸ்பரி நிறுவனமும், நாசாவும், அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் சேர்ந்து இதை உருவாக்கத் தொடங்கின. செய்து முடித்த உணவைச் சோதித்துக் கழிப்பதற்குப் பதிலாக, செய்யும் வழியையே கட்டுப்படுத்துவது அதன் அடிப்படை. எல்லை என்பது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1993இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களின் ஹாம்பர்கர்களால் பரவிய ஈ.கோலை நுண்ணுயிரித் தொற்று சான்றாக நிற்கிறது. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். வாஷிங்டன் மாநில விதி இறைச்சியின் உட்சூடு 68 டிகிரியை எட்ட வேண்டும் என்றது. அந்த உணவகங்களில் நடைமுறையில் இருந்ததோ 60 டிகிரி என்ற பழைய அளவு. அந்த 8 டிகிரி வேறுபாட்டைக் கண்ணோ நாக்கோ உணர்ந்திருக்க முடியாது.

இந்தக் கருவியால் முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ‘தெர்மாமீட்டர் வாங்கியாயிற்று’ என்ற நிறைவு சில கூடங்களில் மற்றக் கவனங்களைத் தளர்த்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கையில் புண்ணோடு பரிமாறுபவரிடமிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற நுண்ணுயிரியின் நச்சும் சூட்டுக்கு அழியாதது, கம்பி அதைக் காட்டாது. குடிநீரின் தரம், உணவு கையாளுபவர்களின் ஆண்டு மருத்துவப் பரிசோதனை, குடற்காய்ச்சல் தடுப்பூசி ஆகியவை தனி வேலைகள். பலமுறை காய்ச்சிய எண்ணெயில், எண்ணெய் சிதைவதால் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதிக்குத் தனிக் கருவி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வரக் காரணமான ரோடமின் பி சாயத்தை ஆய்வகம்தான் கண்டறியும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸில் வேகும் படியே கிடையாது என்பதால் அளப்பதற்கு ஓர் எல்லையே இல்லை. 2025 ஏப்ரலில் அரசு அதை ஓராண்டுக்குத் தடை செய்ததை நான் இந்தக் கோணத்திலேயே புரிந்துகொள்கிறேன். கட்டுப்படுத்தும் படி ஒன்றுகூட இல்லாத உணவை, கவனமாகச் செய்யுங்கள் என்று சொல்லி மட்டும் காப்பாற்ற முடியாது.

வாங்க எண்ணுபவர்களுக்கு என் பரிந்துரை இது. ஐம்பது பேருக்குள் சமைக்கும் மெஸ், டிபன் கடை ஆகியவற்றுக்கு ஐபி67 நீர்க்காப்பும், அரை டிகிரி துல்லியமும், கடையில் எளிதாகக் கிடைக்கும் ஏஏஏ மின்கலமும் உள்ள மடக்கு வகை ஒன்று போதும். அண்டாவில் சமைத்து வண்டியில் அனுப்பும் கேட்டரிங் கூடங்கள், கல்யாண மண்டபங்கள், மருத்துவமனை மற்றும் விடுதிச் சமையற்கூடங்கள் 30 சென்டிமீட்டர் கம்பியுடைய தெர்மோகப்பிள் கருவியையே வாங்க வேண்டும், அதோடு அசைவத்துக்கென்று மடக்கு வகை ஒன்றையும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைச் சமையற்கூடங்கள் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அங்கே உண்பவர்கள் ஏற்கெனவே நோயுற்றிருப்பவர்கள். விற்பவரிடம் உதிரிக் கம்பி கிடைக்குமா, பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்து தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும், உதிரிபாகம் இல்லாத கருவி ஓராண்டுக்குள் மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. பயன்பாட்டில் இருக்கும் கருவிக்கு இடம் பரிமாறும் மேசைக்கும் வண்டியில் ஏற்றும் இடத்துக்கும் நடுவே, ஆல்கஹால் துடைப்பானும் பதிவேடும் பேனாவும் மாட்டிய ஓர் ஆணியில்.